குபெர்னாத்தோர்: சுக்கான் பிடித்தவர் கவர்னரான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகத்து மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைத் துருவுவோம். ‘குபெர்னாத்தோர்’ என்ற லத்தீன் சொல்லை எடுத்த அன்று, வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. அதன்பிறகும் மாதக்கணக்கில் தொலைபேசியில் அதே சந்தேகங்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, பதில்களில் தெரியும் பிடிவாதம் என்னுடையது.

குபெர்னாத்தோர் என்றால் என்ன அர்த்தம்? எப்படி உச்சரிக்க வேண்டும்?

கப்பலின் பின்பக்கத்தில் அமர்ந்து சுக்கானைப் பிடித்து வழிநடத்துபவர். நேர்ப்பொருள் அவ்வளவுதான். முதலெழுத்தை ‘குண்டு’ என்பதில் ஒலிக்கிற மாதிரி சொல்ல வேண்டும், ‘குடம்’ என்பதில் வருகிற மாதிரி அல்ல. ‘னா’ நெடில், குரலும் அங்கேதான் ஊன்றும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே உண்டு. ‘குபெர்னாரே’ என்றால் சுக்கான் பிடித்துச் செலுத்துதல். ‘குபெர்னாக்குலும்’ என்பது அந்தச் சுக்கான். ‘குபெர்னாத்ரிக்ஸ்’ என்று பெண்பாலும் இருக்கிறது. ரோமானியக் கப்பல்களில் பெண்கள் சுக்கான் பிடித்ததால் வந்த சொல் அல்ல அது. லத்தீனில் அதிர்ஷ்டம், சொல்வன்மை போன்ற சொற்கள் பெண்பால் என்பதால், அவற்றை ‘வழிநடத்துபவள்’ என்று வருணிக்கத் தேவைப்பட்டது. ஆக, பெண்பால் வடிவத்தைக் கப்பலில் தேடக் கூடாது. அது பெரும்பாலும் உருவகத்திலேயே வாழ்ந்த சொல்.

கேப்டன் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோயிற்றே? ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்?

முடியாது. ரோமானிய வணிகக் கப்பலில் அதிகாரம் பலர் கையில் பிரிந்து கிடந்தது. கப்பலைச் சொந்தமாக வைத்தோ குத்தகைக்கு எடுத்தோ வியாபாரம் நடத்துபவர் ஒருவர். அவர் சார்பில் கப்பலின் முழுப் பொறுப்பையும் ஏற்றுச் சரக்கு, கூலி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்ப்பவர் ‘மகிஸ்தெர் நாவிஸ்’. முன்பக்கத்தில் நின்று பாறையும் மணல்திட்டும் பார்த்துச் சொல்பவர் ‘புரோரேத்தா’. இவர்களுக்கு நடுவே, கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் கையாலும் கண்ணாலும் தீர்மானிப்பவர் குபெர்னாத்தோர். காற்றின் போக்கும் விண்மீன்களின் இருப்பும் அவருக்குப் பாடம். பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருக்குவது என்பதையும் அவரே சொல்வார். ஆனால் கப்பலும் சரக்கும் அவருடையவை அல்ல.

சிறிய கப்பலில் இந்த வேலைகளை ஒருவரே பார்த்திருக்கலாம். இருந்தாலும் சொல்லின் கனம் உடைமையிலோ கட்டளையிலோ இல்லை, வழிநடத்தும் திறமையில் இருக்கிறது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லக் காரணம், கீழே வரும் பாதிக் குழப்பங்கள் ‘கேப்டன்’ என்று நினைத்துக்கொள்வதால் வருபவை.

படங்களில் வருகிற மாதிரி பெரிய மரச் சக்கரத்தைச் சுழற்றுவாரா?

இல்லை. அந்தச் சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கப்பலில் ஏறியது. கப்பலின் பின் நடுவில் ஒற்றையாகத் தொங்கும் சுக்கான்கூட ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் தென்படுகிறது. ரோமானியக் கப்பலில் பின்பக்கத்தின் இரு புறமும் ஒவ்வொன்றாக, அகன்ற இலையுள்ள இரண்டு பெரிய துடுப்புகள் சாய்வாக நீருக்குள் இறங்கியிருக்கும். ரோம் நகரின் துறைமுகமான ஓஸ்தியாவில், வணிகர்களின் அலுவலக முற்றத்துத் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதித்த கப்பல் சித்திரங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் இந்தத் துடுப்புகளை நன்றாகப் பார்க்கலாம்.

படகை உந்தும் துடுப்புபோல் இவற்றை வலிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துடுப்பின் காம்பிலும் குறுக்கே ஒரு கைப்பிடிக் கட்டை செருகப்பட்டிருக்கும். லத்தீனில் அதற்கு ‘கிளாவுஸ்’ என்று பெயர். ஆணி, முளை என்பது பொருள். கட்டையைத் தள்ளினாலோ இழுத்தாலோ துடுப்பு தன் அச்சிலேயே திரும்பும்; இலை தண்ணீரை வெட்டும் கோணம் மாறும்; கப்பல் திரும்பும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற எழுத்தாளர், காற்றில் வழிதவறி ஏதென்ஸின் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த எகிப்தியத் தானியக் கப்பல் ஒன்றை வேடிக்கை பார்த்ததை எழுதியிருக்கிறார். 120 முழ நீளக் கப்பல். படைபோல ஆட்கள். அத்தனை பேருடைய உயிரையும், அவ்வளவு பெரிய சுக்கான்களை ஒரு மெல்லிய கட்டையால் திருப்பும் ஒரு குள்ளமான கிழவர் காப்பாற்றினார் என்று வியக்கிறார். முன்தலை வழுக்கை, மிச்சம் சுருட்டை முடி. எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே அந்தக் கிழவர்தான் கண்முன் வருகிறார்.

பைபிளில் ‘சுக்கான்கள்’ என்று பன்மையில் வருகிறதே, அச்சுப்பிழையா?

பிழையே இல்லை, மேலே சொன்ன இரட்டைத் துடுப்புதான் அது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுலை ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் சிக்கி மெலித்தா தீவில், அதாவது மால்டாவில், உடைகிறது. கடைசி நேரத்தில் சுக்கான்களின் கட்டுகளைத் தளர்த்திக் கரைக்கு விடுகிறார்கள். நங்கூரம் போட்டு நின்றபோது இரண்டு துடுப்புகளையும் நீரிலிருந்து தூக்கிக் கட்டியிருந்தார்கள் என்பது புரிந்தால் பன்மை உறுத்தாது.

அதே அதிகாரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பவுலைக் காவலில் கொண்டுபோன ரோமானியப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி, பவுலின் எச்சரிக்கையைவிட இரண்டு பேரின் சொல்லை நம்பினான் என்கிறது 11ஆம் வசனம். லத்தீன் பைபிளில் அந்த இருவர் குபெர்னாத்தோரும் நவ்கிளேருஸும். தமிழில் ‘மாலுமி’, ‘கப்பல் எஜமான்’. திசை பார்ப்பவர் வேறு, முதலாளி வேறு என்று முன்பு சொன்னதை அந்த ஒரு வசனமே பிரித்துக் காட்டிவிடுகிறது.

தமிழில் என்ன சொல்வது? மீகாமனா, மாலுமியா, சுக்கானியா?

மீகாமன். என் ஓட்டு அதற்குத்தான். ‘மாலுமி’ அரபியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்த சொல். கடல்வழி அறிந்தவர் என்ற மதிப்பான பொருள் அதற்கு ஒரு காலத்தில் இருந்தது. பைபிளை மொழிபெயர்த்தவர்கள் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்றைய செய்தித்தாளில் கப்பலில் வேலை செய்யும் எல்லாருமே மாலுமி. ‘சுக்கான்’ என்பதும் அரபுச் சொல்லே. ‘சுக்கானி’ திசைக்கட்டையைப் பிடிக்கும் ஊழியர் மட்டும். விண்மீன் பார்த்து வழி தீர்மானிக்கும் பொறுப்பு அந்தச் சொல்லில் இல்லை.

மீகாமன் என்பதற்குப் பழைய உறவாக ‘நீகான்’ என்ற சொல்லும் இருக்கிறது. அகநானூறு 255ஆம் பாட்டில், காற்று இரவும் பகலும் தள்ளிக்கொண்டுவரும் பெரிய வங்கத்தை, அதாவது கப்பலை, துறையில் உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத் திசை அறிந்து நீகான் செலுத்துகிறான். இருட்டு, தூரத்தில் ஓர் ஒளி, அதை வைத்துத் திருப்பும் கை. குபெர்னாத்தோரின் வேலைக்கு இதைவிட நல்ல படம் லத்தீனிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இது உண்மையில் கிரேக்கச் சொல் என்கிறார்களே? பிறகு ஏன் லத்தீன் என்கிறீர்கள்?

பிறந்த வீடு கிரேக்கம், வாழ்ந்த வீடு லத்தீன். கிரேக்கத்தில் ‘கிபெர்னேத்தேஸ்’. ரோமானியர்கள் நிலத்தில் வளர்ந்தவர்கள்; கடல் சாமான்கள் பலவற்றின் பெயரைக் கிரேக்கர்களிடம் வாங்கிக்கொண்டார்கள். வாங்கும்போது முன்னெழுத்து வல்லொலியிலிருந்து மெல்ல இளகியது, உயிரொலி உகரமானது. இப்படி உருமாறியிருப்பதே மிகப் பழைய கடன் என்பதற்கு அடையாளம். படித்தவர்கள் பின்னாளில் புத்தகம் பார்த்து எடுத்த சொற்கள் இவ்வளவு தேய்ந்திருக்காது. நம் ஊரில் ‘ஹாஸ்பிடல்’ என்பதை ‘ஆஸ்பத்திரி’ என்று வாயால் வாங்கியவர்களும் ‘ஹாஸ்பிடல்’ என்றே எழுத்தால் வாங்கியவர்களும் இருப்பதுபோல.

இந்த இரட்டைப் பிறப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் வழியில் வந்தவை ககரத்தில், கிரேக்க வழியில் வந்தவை பெரும்பாலும் சகரத்தில் தொடங்கி நம்மிடம் வந்திருக்கின்றன. கீழே ‘சைபர்’ பற்றிய கேள்வியில் இது உதவும்.

குபேரனுக்கும் குபெர்னாத்தோருக்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடினால் ‘மாமா’ என்று அழைக்கும் எல்லா மொழிக்காரர்களும் நமக்குச் சம்பந்தி ஆகிவிடுவார்கள். அடுத்த கேள்வி.

கப்பலில் இருந்தவர் அரசாங்கத்துக்குள் எப்படி நுழைந்தார்?

நாட்டைக் கப்பலாகப் பார்க்கும் பழக்கமும் கிரேக்கர்களுடையது. பிளேட்டோ ஒரு காட்சியை வருணிக்கிறார்: கப்பலில் இருப்பவர்கள் எல்லாம் சுக்கான் எனக்குத்தான் என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் யாரும் அந்தக் கலையைக் கற்றவர்கள் இல்லை; கற்றுத்தர முடியாது என்றும் சாதிக்கிறார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உண்மையான மீகாமனை வேலையற்றவன் என்று ஏசுகிறார்கள். ரோமில் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ இதை எடுத்தாண்டு, பதவிக்காகச் சண்டையிடுகிறவர்களைச் சுக்கானுக்குச் சண்டையிடும் மாலுமிகளோடு ஒப்பிட்டார். குடியரசைப் பற்றி எழுதும்போது, நல்ல தலைவரை நாட்டின் ‘ரெக்தோர், குபெர்னாத்தோர்’ என்றே அழைத்தார். ‘குடியரசின் சுக்கான்’ என்பது அவர் காலத்திலேயே மேடைப் பேச்சில் தேய்ந்த தொடர் ஆகிவிட்டது.

ஹொரேஸ் என்ற கவிஞர், அலையில் தத்தளிக்கும் கப்பலிடம் துறைமுகத்தை விட்டுவிடாதே என்று கெஞ்சும் ஒரு பாட்டு எழுதினார். நூறு ஆண்டு கழித்து, பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் அதை வைத்து மாணவர்களுக்கு உருவகம் கற்பித்தார்: கப்பல் என்றால் நாடு, அலையும் புயலும் உள்நாட்டுப் போர், துறைமுகம் அமைதி. பள்ளிக்கூடத்தில் கோனார் உரை போடுவதுபோல் அப்போதே உரை போட்டாயிற்று. இத்தனை பேர் கைபட்ட உருவகம் பிறகு பிரெஞ்சில் ‘கூவெர்னே’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘கவர்ன்’, ‘கவர்னர்’, ‘கவர்ன்மென்ட்’ என்று வந்து, கடைசியில் நம் ஊர்த் திண்ணையில் ‘கவர்மென்டு உத்தியோகம்’ ஆக உட்கார்ந்தது. அந்த உத்தியோகத்துக்குள் உப்புக்காற்று அடிப்பது யாருக்கும் தெரிவதில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இன்றும் கொஞ்சம் தெரியும். அவர்கள் மொழியில் கப்பலின் சுக்கான் இப்போதும் ‘கூவெர்னாய்’, அரசாங்கம் ‘கூவெர்னமான்’. இரண்டும் ஒரே வேர் என்பது கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கிறது.

பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

இதே கேள்வியைச் சிசரோ கி.மு. 44இல் முதுமையைப் பற்றி எழுதியபோது எதிர்கொண்டார். வயதானவர்கள் எந்த வேலையும் செய்வதில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் பதிலைச் சுருக்கினால் இப்படி வரும்: சிலர் பாய்மரத்தில் ஏறுகிறார்கள், சிலர் தளத்தில் ஓடுகிறார்கள், சிலர் அடித்தளத்தில் தேங்கிய நீரை இறைக்கிறார்கள், குபெர்னாத்தோர் கட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் அமைதியாக இருக்கிறார் என்பதற்காக அவர் ஒன்றும் செய்யவில்லை என்பீர்களா? இளைஞர்கள் செய்வதை அவர் செய்வதில்லை. அதைவிடப் பெரியதைச் செய்கிறார்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் மருமகளிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த மாதம் பலன் என்ன என்று விசாரித்தோம். கட்டையைப் பிடித்துக்கொண்டே காய்கறியும் நறுக்கலாமே என்று பதில் வந்ததாம்.

பொந்தியு பிலாத்து யூதேயாவின் கவர்னர்தானே? அப்படியானால் அவர் பட்டமும் குபெர்னாத்தோர்தானே?

இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். ரோமானிய ஆட்சியில் குபெர்னாத்தோர் என்று ஒரு மாகாணப் பதவி இருந்ததில்லை. மாகாணங்களுக்குப் போனவர்கள் புரோகான்சுல், லெகாத்துஸ், பிரெஃபெக்துஸ், புரோக்குராத்தோர் போன்ற பட்டங்களோடு போனார்கள். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. அதில் இருக்கும் பட்டம் பிரெஃபெக்துஸ். தமிழ் பைபிள் ‘தேசாதிபதி’ என்கிறது, அதில் தவறில்லை. ‘கவர்னர்’ என்பது பின்னாளைய மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் காலத்துப் பதவிப் பெயரைத் தூக்கி அவர் தலையில் வைத்தது.

அப்படியானால் ரோமில் ‘நான் குபெர்னாத்தோர்’ என்று ஒருவர் சொன்னால் என்ன பொருள்? கப்பலில் வேலை பார்க்கிறார் என்று பொருள். மிசேனும் கடற்படைத் தளத்தைச் சேர்ந்தவர்களின் கல்லறைக் கற்களில் இது ஒரு பணிநிலையாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசியல் பொருள் அந்தக் காலத்தில் உருவகமாகவே நின்றது, பட்டமாக இறுகவில்லை.

மோட்டார் மெக்கானிக்கும் ‘கவர்னர்’ என்கிறாரே, மாநிலக் கவர்னருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எங்கள் வயலில் ஒரு பழைய டீசல் என்ஜின் இருந்தது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது அதன் சத்தம் ஒரே சீராக இருக்கும். குழாயில் காற்றுப் புகுந்து தண்ணீர் நின்றுவிட்டால், பாரம் குறைந்த என்ஜின் ஒரு கணம் வெறிபிடித்ததுபோல் கத்தும். பிறகு தானாகவே அடங்கும். அப்படி அடக்குவது எது என்று மெக்கானிக் ஒருநாள் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினார். எண்ணெயில் மினுங்கும் இரண்டு சிறிய இரும்பு எடைகள். வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, ஒரு கம்பியை நகர்த்தி டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் உள்ளே ஒடுங்கி டீசலைக் கூட்டும். ‘கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதனால்தான் என்ஜின் ஊசலாடுகிறது’ என்றார்.

ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி என்ஜினுக்குப் பொருத்திய, இரண்டு குண்டுகள் சுழலும் கருவியின் பேரன்தான் அது. இப்போது பள்ளிப் பேருந்துகளில் பொருத்தும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஸ்பீடு கவர்னர் என்றே பெயர். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஆளுநர் மாளிகையில் இருப்பவரின் பட்டத்தில் கடல் முற்றிலும் வற்றிவிட்டது. இந்த இரும்புக் குண்டுகளோ அந்தக் கிழவர் செய்ததையே செய்கின்றன: விலகலை உணர்வது, எதிர்ப்பக்கம் சிறிது திருப்புவது, மறுபடி உணர்வது. என்ஜினுக்கு வலிமை தருவது டீசல். கவர்னர் தருவது திசை. சொல்லின் அசல் பொருள் அரண்மனையில் இல்லை, பம்புசெட்டு கொட்டகையில் இருக்கிறது என்று நான் கூட்டத்தில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். இன்னும் அப்படியேதான் நினைக்கிறேன்.

சைபர் என்றால் பூஜ்யம். சைபர் கிரைம் என்றால் பூஜ்யக் குற்றமா?

இரண்டும் வேறு வேறு சொற்கள்; தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. கணக்கில் வாங்கும் சைபர், அரபியின் ‘சிஃப்ர்’ என்பதிலிருந்து வந்தது. வெறுமை என்று பொருள். காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவில் இருக்கும் சைபர், ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்பதன் தலைப்பகுதி. அதன் மூலம் நம் கிபெர்னேத்தேஸ், கிரேக்க வழியில் வந்த சகரக் கிளை.

மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியர், 19ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கலைக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்; அது வழக்கில் நிலைக்கவில்லை. 1948இல் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், விலங்குகளிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதை ஆராயும் துறைக்கு அதே பெயரை வைத்தார். அவர் சொன்ன காரணம் மேலே பார்த்த பதிலோடு நேராக இணைகிறது. பின்னூட்டத்தைப் (விலகலை உணர்ந்து தானாகத் திருத்திக்கொள்வதைப்) பற்றிய முதல் முக்கியமான ஆய்வுரை 1868இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் என்ஜின் கவர்னர்களைப் பற்றி எழுதியது. கவர்னர் என்ற சொல்லோ கிரேக்க மீகாமனின் லத்தீன் திரிபு. கப்பலின் சுக்கான் இயந்திரமோ பின்னூட்டத்தால் இயங்கும் பழைய, நன்கு தேர்ந்த கருவிகளில் ஒன்று. ஆகவே மீகாமன் பெயரையே வைத்துவிட்டேன் என்றார். அதன்பிறகு கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் முன்னால் சைபர் ஒட்டிக்கொண்டது. வங்கிக் கணக்கைத் துடைத்துச் சைபராக்கும் திருடனைச் சைபர் குற்றவாளி என்னும்போது இரண்டு சைபரும் சந்திக்கின்றன, தற்செயலாக.

எங்கள் அலுவலகத்தில் குபர்னெட்டீஸ் என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதுவும் இதுதானா?

அதேதான். கூகுள் 2014இல் வெளியிட்டது. கண்டெய்னர் என்று அழைக்கப்படும் மென்பொருள் பொதிகளை எந்தக் கணினியில் ஓட்டுவது, ஒன்று விழுந்தால் எதை எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும். சரக்குப் பெட்டி இருந்தால் கப்பல் வேண்டும், கப்பலுக்கு மீகாமன் வேண்டும் என்று போயிருக்கிறது கற்பனை. சின்னமாக ஏழு ஆரமுள்ள சுக்கான் சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் சக்கரத்தையே பார்த்ததில்லை என்பதை மூன்றாவது பதிலில் சொல்லிவிட்டேன். கணினிக்காரர்களிடம் போய் வாதாட வேண்டாம்.

பைலட் என்பதும் இப்படிக் கப்பலிலிருந்து வந்ததா?

ஆம். கிரேக்கத்தில் சுக்கான் துடுப்புக்கு இன்னொரு பெயர் ‘பேதோன்’. இத்தாலி, பிரான்சு வழியாக உருமாறி ‘பைலட்’ ஆகி, பிறகு விமானத்தில் ஏறியது. துறைமுகங்களில் வெளிநாட்டுக் கப்பலை உள்ளே அழைத்துவருபவரை இன்றும் பைலட் என்றுதான் சொல்கிறார்கள். அதுவே பழைய பொருள்.

நம் புலவர்கள் நாட்டைக் கப்பல் என்று சொல்லவில்லையா? நமக்கும் கடல் இருந்ததே?

நம்மிடம் ஆட்சிக்குக் கோலும் குடையும் முன்னால் வருகின்றன. ஓட்டுகிறவனைப் பற்றிய உருவகம் வேண்டுமென்றால் புறநானூறு 185க்குப் போக வேண்டும். தொண்டைமான் இளந்திரையன் என்ற அரசனே பாடியது. அதில் நாடு கப்பல் அல்ல, ‘சாகாடு’, அதாவது வண்டி. சக்கரமும் பாரும் கோத்த அந்த வண்டியை ஓட்டுபவன் தேர்ந்தவனாக இருந்தால் தடையில்லாமல் போகும். ஓட்டத் தெரியாதவனாக இருந்தால் ‘பகைக்கூழ் அள்ளல்’, பகை என்ற கொழகொழத்த சேற்றில் மாட்டிக்கொண்டு மேலும் மேலும் துன்பம் தரும். புயலுக்குப் பதில் சேறு. மழைக்காலத்தில் மண்சாலையில் மாட்டுவண்டி புதைந்து பார்த்தவர்களுக்கு எந்த உருவகம் உறைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலை மறந்துவிடவும் இல்லை. புறநானூறு 66இல் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனை அழைக்கும் அழைப்பைப் பாருங்கள்: ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’. காற்றின் தொழிலை ‘ஆண்ட’வனின் வழித்தோன்றலே என்கிறார். ரோமில் கடற்சொல் கரையேறி அரசாண்டது. இங்கே அரசாளும் சொல் கடலில் இறங்கிக் காற்றை ஆண்டிருக்கிறது. இந்தத் திருப்பத்தைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டிக்கும் கப்பலுக்கும் இத்தாலியர்களும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சுக்கானுக்குச் சொல்வது ‘திமோனே’. அதன் லத்தீன் மூலம் ‘தேமோ’, வண்டியின் ஏர்க்கால்.

கப்பல் மூழ்கிவிட்டால் குபெர்னாத்தோர் தோற்றவர் ஆவாரா?

வர்ஜில் எழுதிய காவியத்தில் பாலினூருஸ் என்று ஒரு மீகாமன். நள்ளிரவுக்கு முன்பே எழுந்து காற்றைக் காது வைத்துக் கேட்டு, விண்மீன் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவன். அவனைத் தூக்கத்தின் தெய்வம் மயக்கிக் கடலில் தள்ளுகிறது. பிடியை விடாததால் சுக்கானும் பெயர்ந்து அவனோடு விழுகிறது. பின்னால் பாதாள உலகில் தன் தலைவன் ஏனியாஸைச் சந்திக்கும்போது அவன் சொல்வது: எனக்காக அஞ்சவில்லை, சுக்கானை இழந்த உங்கள் கப்பல் அந்த அலையைத் தாங்குமா என்றுதான் அஞ்சினேன். தென்னித்தாலியில் பாலினூரோ என்ற முனை இன்றும் அவன் பெயரில் இருக்கிறது.

தத்துவக்காரர்கள் இதை வேறு கோணத்தில் பிடித்தார்கள். அமைதியான கடலில் யாரும் குபெர்னாத்தோர்தான் என்பது லத்தீனில் பழமொழிபோல் புழங்கியது, செனெக்காவும் சொல்கிறார். புயல் மீகாமனுக்குத் தீங்கு செய்யாதா என்ற கேள்விக்கு அவர் பதில் நுட்பமானது. அந்த ஆளுக்கு இரண்டு வேடங்கள்: எல்லாரையும்போல் அவரும் ஒரு பயணி, தனியாக அவர் மீகாமன். புயல் பயணியைத் தாக்கும். மீகாமனை, அவர் தன் கலையைச் சரியாகச் செய்திருந்தால், தொடாது. துறைமுகம் சேர்ப்பேன் என்பது அவர் தந்த வாக்கு அல்ல, சரியாகச் செலுத்துவேன் என்பதே.

இதன் மறுபக்கத்தையும் சிசரோ ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். திறமையில்லாமல் ஒருவன் கப்பலைக் கவிழ்த்தால், ஏற்றியிருந்தது பொன்னா வைக்கோலா என்பதில் நட்டம் வேறுபடும். அவன் திறமையின்மையில் எந்த வேறுபாடும் இல்லை. இந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் கொடுத்தேன். எட்டுப் பேர் ‘கேப்டன்’ என்று எழுதினார்கள், இரண்டு பேர் ‘ஆளுநர்’ என்று எழுதினார்கள். தபால்காரர் மட்டும் ‘மீகாமன்’ என்று எழுதி, வைக்கோலுக்குப் பக்கத்தில் ‘எங்கள் ஊரில் இப்போது கட்டு என்ன விலை தெரியுமா’ என்று குறிப்பும் போட்டிருந்தார்.